பலகையில் இருந்த ஜான்

கிளை நூலகம், பழவேற்காடு
11.7.1993

அக்காவுக்கு தேவகி எழுதுவது.

எழுதுவதற்கே நீ மன்னிக்க வேண்டும். ஏழு வருஷம் சும்மா இருந்தவள் இன்று ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதுகிறேன். நீ சௌக்கியமா? நானும் நைனாவும் சௌக்கியம். இது வேறு யார் கைக்காவது போயிருந்தால், பெரிய மனது பண்ணிக் கிழித்துப் போட்டுவிடவும்.

நான் பொன்னேரியில் பி.ஏ. முடித்துவிட்டேன். இப்போது இங்கே நூலகத்தில் உதவிக்கு இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாசகர் வட்டம் கூடும். நூலகர் செங்கல்வராயன் சார் ஆரம்பித்தது. படிக்கத் தெரியாதவர்களும் வருவதால் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். படிப்பது நான்தான். பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அடுத்தவர் எழுதியதைப் படிக்கச் சொன்னால் பயமில்லை.

இப்போது எடுத்திருக்கிற புத்தகம் ‘என்னைக் கேட்காத கால்கள்’. எழுதியவர் ஏகாம்பரம் என்று ஒரு ரிட்டயரான ரயில்வே கார்டு. வியாசர்பாடியிலிருந்து காளஹஸ்தி வரை நடந்தே போயிருக்கிறார். வேண்டுதல் ஒன்றும் கிடையாது, சும்மா. தினமும் காலையில் தனக்குத்தானே விசில் ஊதி, பச்சைக்கொடி காட்டிவிட்டுக் கிளம்புகிறார். காலில் வந்த கொப்புளங்களுக்குத் தன் பழைய மேலதிகாரிகளின் பெயரை வைத்திருக்கிறார்.

ஓர் அத்தியாயத்தில், எளாவூர் தாண்டி சுண்ணாம்புக்குளம் போகும் ரோட்டில் ஒரு டீக்கடை வருகிறது. பெயர் ‘ஜான் டீ ஸ்டால்’. கடையில் ஒரு பெண். ஏரிக்கரைக்கு எப்படிப் போவது என்று அவளைக் கேட்கிறார். அவள் டீ ஆற்றிக்கொண்டே, “காத்தை முதுகுல வாங்கிக்கினே போ, கரை வந்துடும்” என்கிறாள். காலையில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடித்திருக்கிறது. உச்சிக்கு மேல் கடல்காற்று எதிரில் திரும்பியிருக்கிறது. முள்ளுக்காட்டில் சுற்றியதில் அவருக்குத் திக்கே தெரியவில்லை. சொன்ன பேச்சு மாறாமல் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டே நடந்து, சாயங்காலம் அதே டீக்கடைக்கு வந்து சேர்ந்தாராம். அவள் நிமிர்ந்து பார்த்து, “இன்னா, அதுக்குள்ள கரையைப் பாத்துட்டியா?” என்றாளாம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அடுத்த வரிக்குப் போனதும் குரல் நின்றுவிட்டது. செங்கல்வராயன் சார் தண்ணீர் கொடுத்தார்.

நடந்து போகிறவனுக்குக் காற்றை வைத்து வழி சொல்ல ரோட்டுக்கடைக்காரிக்குத் தோன்றுமா? படகில் போகிறவனுக்குச் சொல்கிற வழி அது. காற்று திரும்பினால் படகுக்காரன் தானே திருத்திக்கொள்வான். நம் வீட்டில் மளிகைக் கடைக்கு வழி கேட்டால்கூட அப்படித்தானே சொல்வோம். பலகையில் வேறு ஜான் என்று பெயர்.

அது நீதானா? ஒரு வரி போதும். வீட்டுக்குப் போடாதே, நூலக விலாசத்துக்குப் போடு.

உன் தங்கை,
தேவகி


ஜான் டீ ஸ்டால்
26.7.93

தேவகிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். அவரும் சுகம். புள்ள சுகம். நீயும் நைனாவும் நல்லா இருக்கணும்னு அம்மா படத்துக்கு முன்னால தெனம் வேண்டிக்கிறேன்.

நான்தான். வேற எவ அப்படிச் சொல்லுவா.

பி.ஏ.ன்னு எழுதியிருந்ததை ரெண்டு தரம் படிச்சேன். நான் எட்டாவதோட நின்னவ, தப்பு இருந்தா நீயே திருத்திக்கோ.

ஆனா நீ எழுதக்கூடாது. ஊர்ல சொன்னது மறந்துபோச்சா? நான் அவரைக் கட்டிக்கினு போனப்போ இன்னா சொன்னாங்க? என்கூட பேச்சு வெச்சிக்கினா நைனாவுக்கு ஏரியில பாடு கிடையாது. அவர் முறை வர்ற நாள்ல வேற ஆளு வலை கட்டுவான். நைனா கரையில குந்திக்கினு பாக்கணும். கட்டிக்கினவரை விட்டுட்டு வந்தா மட்டும் வாசல் திறந்திருக்கும்னாங்க. நைனாவுக்கு இந்த வயசுல கெடுதல் பண்ணாத. எழுதாத.

அந்தாளு புக்கு போட்டானா. என்னைப்பத்தி இன்னும் இன்னா எழுதிக்கிறான்? உங்க வட்டத்துல அவனைப் பாத்து சிரிச்சாங்களா, என்னைப் பாத்து சிரிச்சாங்களா? அதை மட்டும் எழுது. அப்புறம் எழுதாத.

அக்கா


கிளை நூலகம், பழவேற்காடு
8.8.1993

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மூன்று பேரும் சுகம் என்று படித்தேன். இங்கே நைனாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது, எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கேள்வி கேட்டிருக்கிறாய். பதில் சொல்லாவிட்டால் மரியாதை இல்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பதில்தான் வட்டம் இரண்டாகிவிட்டது.

சாமுண்டீஸ்வரி டீச்சர் சிரிக்கவே இல்லை. “ஒரு ஏழைப் பெண் தெரிந்த வழியைச் சொல்கிறாள். அவளைக் கோமாளி ஆக்கி அச்சுப் போட்டிருக்கிறார். நகைச்சுவைக்கு ஒரு நாகரிகம் வேண்டாமா?” என்று கேட்டார். என்ஜின் ரிப்பேர் பார்க்கிற பொன்னுரங்கம் அண்ணன் விடவில்லை. “டீச்சர், கோமாளி அந்தப் பொண்ணு இல்ல. காத்து திரும்பிச்சின்னு கூட தெரியாம நாள் பூரா நடந்தான் பாரு, அவன். அதை அவனே ஒத்துக்கினு எழுதிக்கிறான்ல? அந்த மனசு யாருக்கு வரும்?” என்றார்.

முத்தம்மாள் அக்காவை உனக்கு நினைவிருக்கும், நம் குப்பத்திலிருந்து திருப்பாலைவனத்துக்குக் கூடை எடுத்துப்போகிறவர். மீன் விற்றுவிட்டு வந்து நூலகத்து ஃபேனுக்குக் கீழே உட்காருவார். முதல் நாள் சும்மா உட்கார்ந்திருந்தார், இப்போது அவரில்லாமல் வட்டமே இல்லை. அவருக்குக் கோபம் வேறு மாதிரி. “நானும்தான் தெனம் நடக்கறேன், தலையில கூடையோட. எனக்கு எவன் புக்கு போட்டான்? இவன் கையை வீசிக்கினு நடந்துட்டு காலு வலிக்குதுன்றான்” என்றார். ஆனால் கொப்புளத்துக்கு ஸ்டேஷன் மாஸ்டர் பெயர் வைத்த இடம் வந்ததும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது அவர்தான்.

செங்கல்வராயன் சாருக்கு வேறு வருத்தம். ஏகாம்பரம் இங்கே ஒல்லாந்தர் கல்லறையில் ஒரு மத்தியானம் தூங்கியிருக்கிறார். ‘இவ்வளவு அமைதியான லாட்ஜில் நான் தங்கியதில்லை. பக்கத்து அறைக்காரர்கள் முந்நூறு வருஷமாகப் புரண்டுகூடப் படுக்கவில்லை’ என்று எழுதியிருக்கிறார். வெளியூர்க்காரர்கள் வந்தால் கல்லறையைச் சுற்றிக் காட்டுவது சார்தானே. “எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, நம்ம மண்ணுல வந்து படுத்தவன். அவன்கிட்ட விளையாட்டா?” என்றார். முத்தம்மாள் அக்கா, “நான்கூட கூடையை இறக்கிட்டு அங்கதான் படுப்பேன் சார். நிழல் நல்லா கீது” என்றார். 

ஆகவே உன்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, அக்கா. டீச்சர் உனக்காகச் சண்டையே போட்டார். அது நீ என்று இங்கே யாருக்கும் தெரியாது.

எழுதாதே என்று நீ சொன்னதற்கு இந்தக் கடிதத்திலிருந்து கீழ்ப்படிகிறேன். அந்த ஏகாம்பரம் எழுதியதெல்லாம் நிஜமா என்று மட்டும் தெரிந்தால் நன்றாக இருக்கும்.

தேவகி


ஜான் டீ ஸ்டால்
19.8.93

தேவகிக்கு,

உன் கடுதாசி வந்து சேர்ந்துச்சு. சுகத்துக்குக் குறையில்ல. புள்ளைக்கு சளி, அது இந்த ரோட்டுத் தூசிக்கு எப்பவும் இருக்கறதுதான். நைனாவுக்கு இருமல் இருந்துச்சா? அதை முதல் கடுதாசியில நீ எழுதல.

அந்தாளு நல்ல மனுசன்தான், ஆனா பாதி விட்டுட்டான். அவன் செருப்பு வார் அறுந்து வந்து நின்னான். வலை நரம்பு போட்டு நான்தான் தச்சுக் குடுத்தேன். காளஹஸ்தி வரைக்கும் அவன் போனதே என் தையல்ல. அதை எழுதலையா? ராத்திரி பெஞ்சுல படுத்தான். ஜெசிந்தா அவன் விசிலை எடுத்துக்கினு கடை பூரா ஊதிக்கினு ஓடுச்சு. காலையில குடுக்கமாட்டேன்னு ஒரே அழுகை. அவன் பச்சைக்கொடியை அதுகிட்ட குடுத்துட்டு விசிலை வாங்கிக்கினு போனான். அந்தக் கொடிதான் இப்போ வடைத் தட்டுக்கு மூடி.

ஜெசிந்தா என் பொண்ணு. அஞ்சு வயசு. உன்னை மாதிரியே எதையும் பாத்துக்கினே இருக்கும், பேசாது.

அந்தாளுக்கு நான் ஏன் அப்படி வழி சொன்னேன்னு நானும் யோசிச்சேன். டீ ஆத்தறப்போ கழுத்துல காத்து பட்டுச்சு. நம்ம ஊட்டு வாசல்ல நிக்கற மாதிரி இருந்துச்சு. வாயில வந்துடுச்சு.

டீச்சரம்மாவுக்கு என் வணக்கம் சொல்லணும் போல கீது. சொல்லாத.

அவர் லோடு ஏத்திக்கினு விஜயவாடா போய்க்கிறார். நைனா இப்பவும் சாப்பிட்டதும் வெத்தலை போடறாரா? யார் மடிச்சித் தர்றாங்க?

அக்கா


கிளை நூலகம், பழவேற்காடு
29.8.1993

அன்புள்ள அக்காவுக்கும் ஜெசிந்தாவுக்கும்,

குழந்தைக்குச் சளி விட்டதா? துளசியும் மிளகும் கொடு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நைனாவுக்கு வெற்றிலை நான்தான் மடித்துத் தருகிறேன். சுண்ணாம்பு ஜாஸ்தி என்று தினமும் திட்டு. அப்போது யாருடைய கையை நினைத்துக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முத்தம்மாள் அக்கா கரையில் எல்லாரிடமும் டீக்கடைக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நைனா நூலகத்துக்கு வந்துவிட்டார். இத்தனை நாளில் நான் வேலை செய்கிற இடத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. உள்ளே வரமாட்டேன் என்று வாசற்படியில் உட்கார்ந்து, “அந்தக் காத்துக் கதையைப் படி” என்றார். அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டோம் என்றேன். “திரும்பிப் படி” என்றார். படித்தேன்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதே அத்தியாயம். இன்றும் அதேதான். பொன்னுரங்கம் அண்ணன், “இன்னா மாமா, அந்தாளு காளஹஸ்தி போய்ச் சேந்து, சாமி கும்ட்டு, ரயில் ஏறி ஊட்டுக்கே வந்துட்டான். நீ இன்னும் அவனை எளாவூர்லயே நிக்க வெச்சிக்கினு கீற” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் சிரித்தார்.

வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொன்றாகக் கேட்கிறார். “அந்தப் பொண்ணு நின்னுக்கினு டீ ஆத்துச்சா, குந்திக்கினா?” “கூரை ஓலையா, ஓடா?” புத்தகத்தில் அதெல்லாம் இல்லை நைனா என்றால், “இன்னாத்தை எழுதினான்” என்று ஏகாம்பரத்தின் மேல் கோபப்படுகிறார். உன் பெயரை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. உன் கடிதங்களைப் பற்றி அவருக்குத் தெரியாது.

முதல் கடிதத்தில் நான் உனக்கு எழுதாமல் விட்ட இடம் ஒன்று உண்டு. அது இது: ‘பலகையில் ஜான் இருந்தார், கடையில் இல்லை. ஜான் எங்கே என்றேன். லோடு ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார் என்றாள். அன்று கடைக்கு வந்து கேட்ட லாரிக்காரர்களுக்கும் அதே பதில். நான் முப்பத்தைந்து வருஷம் ரயில்வேயில் இருந்தவன், இவ்வளவு தாமதமாக வருகிற வண்டியைப் பார்த்ததில்லை.’

இந்த இடத்தில் வட்டம் எப்போதும் சிரிக்கும். நைனா மட்டும் சிரிப்பதில்லை. இன்று அதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

உன் கடிதத்திலும் அதே பதில்தான் இருந்தது, அக்கா. மாமா எப்போது திரும்பி வருவார்?

தேவகி


கிளை நூலகம், பழவேற்காடு
26.9.1993

அக்காவுக்கு,

நீயும் குழந்தையும் நலமாக இருக்கிறீர்கள் என்று நானே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் அப்படியே இருக்கிறோம்.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் பை வந்ததும் நூலக முத்திரை குத்துகிற சாக்கில் நானே பிரிக்கிறேன். அரசு சுற்றறிக்கைகளும் பத்திரிகைகளும்தான் வருகின்றன. நான் கேட்டது தவறு. அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நீ வேறு எதையாவது எழுது. வடை என்ன அளவு என்று எழுது. ஜெசிந்தா எந்தப் பக்கம் தலை வைத்துத் தூங்குகிறாள் என்று எழுது.

நீ போனபோது எனக்குப் பதினைந்து வயது. தாவணிக்கு மடிப்பு எடுக்கத் தெரியாமல் உன்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறது, நீ வரவில்லை. அப்புறம்தான் வீடு முழுக்கச் சத்தம். அன்றைக்கு யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானே கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன்.

நூலகம் மூடியதும் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். வடக்கே பார்த்தால் தண்ணீரும் மேகமும்தான். உன் பக்கம் எது என்று தெரிந்த பிறகு அங்கேதான் கண் போகிறது. முன்பெல்லாம் எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் இருந்தது.

தேவகி


ஜான் டீ ஸ்டால்
12.10.93

தேவகிக்கு அக்கா.

சுகம்னு எழுதித்தான் கடுதாசி ஆரம்பிக்கணும்னு நமக்கு இஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. இந்த தடவை எழுதல.

அவர் இல்ல. ரெண்டு வருசம் ஆவுது. நாயுடுப்பேட்டை கிட்ட மழையில லாரி கவுந்துச்சு. அக்கம்பக்கத்துல தெரியும், அவங்க வாய் திறக்கமாட்டாங்க. ரோட்ல போற லாரிக்காரனுங்களுக்கு லோடு ஏத்திக்கினு போய்க்கிறார்னு சொல்லுவேன். தனியா கீறவன்னு தெரிஞ்சா பார்வை மாறும். அது ஒரு காரணம்.

இன்னொண்ணு ஊரு. அவரை விட்டுட்டு வந்தா வாசல் திறந்திருக்கும்னாங்க இல்ல? செத்துட்டார்னு தெரிஞ்சா நாளைக்கே ஆள் அனுப்புவாங்க. ஐயோ பாவம்பாங்க. நைனாவுக்கும் பாடு போவாது. எல்லாருக்கும் சௌகரியம்.

ஜெசி பொறந்த மூணாம் மாசம் நைனாவுக்குக் காட்டணும்னு அவர்தான் கிளம்பினார். புதுச்சட்டை போட்டுக்கினு, புள்ளையைத் தோள்ல போட்டுக்கினு என்கூட ஏரிக்கரைக்கு வந்தார். நம்ம ஊர்ப் படகுதான் நின்னுக்கினு இருந்துச்சு. அவனை ஏத்தமாட்டேன், நீ மட்டும் வான்னான் படகுக்காரன். திரும்பிட்டோம். வர்ற வழி பூரா எனக்கு வலிக்கக்கூடாதுன்னு எதையாவது சொல்லி சிரிக்க வெச்சிக்கினே வந்தார். புதுச்சட்டையை மட்டும் ஊட்டுக்கு வந்ததும் கழட்டி மடிச்சி வெச்சார். அப்புறம் அதைப் போடவே இல்ல.

உசிரோட வந்தப்போ ஏத்தாத படகுல, அவர் செத்ததைக் காட்டி நான் ஏறணுமா? அவர் சாவுதான் எனக்கு வழி விட்டுச்சுன்னு ஆயிடும். நான் வரமாட்டேன் தேவகி.

நைனாகிட்ட சொல்லாத. யார்கிட்டயும் சொல்லாத. சொன்னேன்னு தெரிஞ்சா கடையை எடுத்துக்கினு நெல்லூர் பக்கம் போயிடுவேன். அப்புறம் எந்தப் புக்குலயும் என்னைக் கண்டுபிடிக்கமாட்ட.

லோகநாயகி


கிளை நூலகம், பழவேற்காடு
17.10.1993

அக்காவுக்கு,

சொல்லமாட்டேன். அம்மா மேல் சத்தியம்.

கடிதத்தைப் படித்துவிட்டுப் புத்தக அலமாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். சார் கூப்பிட்டது காதில் விழவில்லை. மாமாவின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை. ஒருமுறை லாரியை நிறுத்தி எனக்கு நெல்லிக்காய் கொடுத்தார், அந்தக் கை நினைவிருக்கிறது.

நீ ஊருக்கு வர வேண்டும் என்று இனி கேட்கமாட்டேன். நேற்று வரை அதைத்தான் ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் எழுதி, எழுதி, அடித்துக்கொண்டிருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவகி


ஜான் டீ ஸ்டால்
9.11.93

தேவகிக்கு,

ஜெசியும் நானும் சுகம். மழை. ரோட்ல லாரி இல்ல, கடையில ஈரம். நைனா மழையில நனையாம பாத்துக்கோ.

எழுதாதன்னு சொன்னவ நான்தான். இப்போ தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டா டீயைப் பாதியில வெச்சிட்டுப் பாக்கறேன். அவருக்கும் தெரிஞ்சிபோச்சு. கடுதாசி இல்லன்னா முன்கூட்டியே கையை விரிச்சிக் காட்டிட்டுப் போறார்.

ஜெசி கேக்குது, சித்தின்னா யாருன்னு. அம்மாவோட தங்கச்சின்னேன். அப்போ எங்க இருக்காங்கன்னுச்சு. ஏரிக்கு அந்தாண்டன்னேன். நடந்து போவ முடியாதான்னு கேக்குது. அந்த ஏகாம்பரம் புள்ளைக்கு இன்னா சொல்லிக் குடுத்துட்டுப் போனானோ.

நைனா இன்னும் அந்தக் கதையைக் கேக்கறாரா?

அக்கா


கிளை நூலகம், பழவேற்காடு
5.12.1993

அன்புள்ள அக்காவுக்கும் ஜெசிந்தாவுக்கும்,

மழை விட்டிருக்கும் என்று நினைக்கிறேன். கடை காய்ந்ததா? ஜெசிந்தாவுக்குச் சளி இல்லாமல் பார்த்துக்கொள். நைனா உடம்பு நன்றாக இருக்கிறது. எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை, மற்றபடி சுகம்.

வட்டத்தில் ஏகாம்பரத்தை ஒரு வழியாக முடித்தோம். கடைசிக் கூட்டத்தில் புத்தகம் எப்படி என்று சார் ஒவ்வொருவரையும் கேட்டார். டீச்சர் தன் கட்சியை விடவில்லை, ஆனால் ஒரு பிரதி சொந்தமாக வாங்கப் போகிறாராம். பொன்னுரங்கம் அண்ணன், இதைவிடச் சிரிப்பான புத்தகம் உலகத்தில் இல்லை என்றார். அவர் படித்த ஒரே புத்தகம் இது. முத்தம்மாள் அக்கா, “நடக்கறது சரி. ஊட்ல ஒரு ஆளுகூட ‘எங்க போற, எப்போ வருவே’ன்னு அவனைக் கேக்கலியே. அப்படி ஒரு நாள் நானும் நடந்து பாக்கணும்” என்றார். என்னைக் கேட்டபோது வழக்கம்போல நாக்கு ஒட்டிக்கொண்டது. பிடித்திருந்தது என்று மட்டும் சொன்னேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். நான் சத்தியத்தை மீறவில்லை. இதை நீ நம்ப வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். அடுத்த வருஷத்துக்கு யாருக்கு எந்த நாள் பாடு என்று பேசுகிற கூட்டம். பெண்கள் தள்ளி நிற்கிற இடத்தில் நானும் நின்றேன். நைனா பெயர் வந்ததும் அவர் எழுந்தார். “நான் சுண்ணாம்புக்குளம் போறேன். என் பெரிய பொண்ணு ஊட்டுக்கு. போயிட்டு வந்து சொன்னா நல்லாருக்காது, முன்னாலயே சொல்லிடறேன்” என்றார்.

 ஊர்ப் பெரியவர் ராஜவேலு, “இன்னாப்பா திருவேங்கடம், இத்தினி வருசம் கழிச்சி திடீர்னு?” என்றார்.

“தோணுச்சு.”

ராஜவேலு தாத்தா கெட்டவர் இல்லை, அக்கா. அவர் நைனாவுக்கு வழி பண்ணத்தான் பார்த்தார். “இதப் பாரு. அந்தப் பையன் இன்னும் கூட கீறானா? இல்லன்னா சொல்லு. அவன் போயிட்டான், இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாங்களே படகு எடுத்துக்கினு வந்து பொண்ணைக் கூட்டிக்கினு வர்றோம். உன் பாடும் எங்கயும் போவாது” என்றார்.

நைனா கூட்டத்துக்கு மேலே என்னைத் தேடிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எதையும் காட்டிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் உட்கார்ந்து அவர் கேட்டது அதைத்தான்.

“கீறான்” என்றார். “என் மருமவன் கீறான். அவனும் இருக்கற ஊட்டுக்குத்தான் போறேன்.”

“அப்போ ஒரு வருசம் உனக்குப் பாடு இல்ல.”

“சரி.”

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நான் பின்னால் நடந்தேன். பொன்னுரங்கம் அண்ணன் பட்டறையில் ஆள் வேண்டும் என்று கேட்டதாகவும், ஒரு வருஷம் என்ஜின் கழுவினால் கை தேய்ந்துவிடாது என்றும் அவரே சொன்னார். என்னை எதுவும் கேட்கவில்லை. வீட்டு வாசல் வரை வந்த பிறகுதான் நின்றார். உன் கடிதங்கள் வருவதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தபாலாபீசில் முத்திரை குத்துகிறவர் முத்தம்மாள் அக்காவின் அண்ணன் மகன் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

“அக்காவுக்கு எழுதுவ இல்ல? ஒண்ணு கேளு” என்றார். அதை அவர் சொன்னபடியே இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அதனால் இவ்வளவு நேரம் வட்டத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

வருகிற ஞாயிறு பொழுது விடியும்போது நம் படகில் கிளம்புகிறோம். நானும் வருகிறேன். யாரையும் அழைத்துப் போக வரவில்லை. கடைக்கு வருவதற்கு முன்னால் நைனா ஓரிடத்தில் போய் நிற்க வேண்டும் என்கிறார். அங்கே நின்றுவிட்டுத்தான் உன் கையால் டீ குடிப்பாராம். வெள்ளை வேட்டியைத் தானே துவைத்துக் காயப் போட்டிருக்கிறார்.

அக்கா, மாமாவை எங்கே அடக்கம் பண்ணியிருக்கிறது? நீ கரைக்கு வந்து, எங்களை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போவாயா?

தேவகி